கல்கத்தாவுக்கு இன்னும் டிராம் வேணும்: தனுஷ்கோடியில நின்னு சொல்றேன்

வணக்கம் உறவுகளே. காத்துச் சத்தம் கேக்குதா? கச்சான் காத்து, மணல அள்ளி மூஞ்சில அடிக்குது. மைக்கச் சட்டைக்குள்ள விட்டுட்டுத்தான் பேசுறேன், கொஞ்சம் பொறுத்துக்கங்க.

பின்னாடி தெரியுது பாருங்க, இந்தக் கல்லுச் சுவரு, இதுதான் தனுஷ்கோடி ஸ்டேஷன். அந்தக் காலத்துல எக்மோர்ல போட் மெயில் ரயிலு ஏறுனா இங்க வந்து எறங்கி, கப்பல்ல இலங்கைத் தலைமன்னார் போயிரலாம். எங்க தாத்தா இந்த ரயில்ல மெட்ராஸ் போயி, அங்க டிராம்லயும், அதான் ரோட்டுலயே பதிச்ச தண்டவாளத்துல ஓடுற வண்டி, அதுலயும் ஏறுனவரு. இங்க இருந்த தண்டவாளத்த 1964 டிசம்பர்ல புயல் கொண்டுபோச்சு, ஓடி வந்த பாசஞ்சர் ரயிலோட சேத்து. மெட்ராஸ் டிராம் தண்டவாளத்த எந்தப் புயலும் கொண்டுபோகல. 1895-லயே கரண்ட்ல ஓடுன டிராம், நம்ம நாட்டுலயே மொதல்ல. கம்பெனி நஷ்டத்துல மூழ்குச்சு, 1953 ஏப்ரல்ல நிறுத்திட்டாங்க.

இன்னைக்கு இத எதுக்குப் பேசுறேன்னா, போன வாரம் அக்னி தீர்த்தத்துல ஒரு வங்காளக் குடும்பத்தப் பாத்தேன். குளிச்சுட்டு ஈரத்துணியோட கரையில உக்காந்திருந்தாங்க. பெரியவரு கல்கத்தா ஷியாம்பஜார்க்காரரு. புதுப் பாம்பன் பாலத்து மேல ரயில்ல வந்தத அம்புட்டுச் சந்தோஷமாச் சொன்னாரு. சொல்லிட்டு, "உங்க ஊருக்குப் புதுசா தண்டவாளம் போட்டுத் தர்றாங்க, எங்க ஊர்ல இருக்குறத எடுக்கப் பாக்குறாங்க தம்பி"ன்னாரு. அந்த வார்த்தை மனசவிட்டுப் போகல.

அவரு சொன்னது இதுதான். கல்கத்தாவுல 1873-ல குதிரை இழுத்த டிராம் வந்துச்சு, 1902-ல கரண்ட் டிராம். ஒரு காலத்துல 60 கிலோமீட்டருக்கு மேல தண்டவாளக் கம்பி ஓடுன ஊரு. 2024 செப்டம்பர்ல அந்த மாநில அரசு, ஊரு நடுவுல இருக்குற மைதானம் பக்கம் ஒரே ஒரு ரூட்ட மட்டும் பாரம்பரியம்னு வச்சுக்கிட்டு மத்ததெல்லாம் எடுக்கப்போறோம்னு சொல்லிருச்சு. வழக்கு ஹைகோர்ட்டுல இருக்கு. எடுக்கலாமா வேணாமான்னுதான் அங்க சண்டையே நடக்குது. நான் கேக்குறது அதுக்கும் மேல: ஏன் நீட்டக்கூடாது?

2023-ல கூட்டாளி ஒருத்தனப் பாக்க அங்க போயிருந்தேன். கரியாஹாட்டுல ஏறி எஸ்பிளனேடு வரைக்கும் டிராம்லதான் போனேன். ஜன்னலோர மரச்சீட்டு, உக்காந்து உக்காந்து வழவழன்னு தேஞ்சு கெடக்கு. டிரைவரு நின்னுக்கிட்டே ஓட்டுறாரு, கால அழுத்துனா டிங் டிங்னு மணி அடிக்குது. முன்னாடி ஒரு காரு, கம்பிக்கு மேலயே நிப்பாட்டிட்டு அந்த ஆளு போன்ல பேசிக்கிட்டு இருக்காரு. எங்க டிராமால ஒதுங்கிப் போக முடியுமா? உள்ள உக்காந்திருந்தவங்க மட்டும் அம்பது பேருக்கு மேல, நான் எண்ணிப் பாத்தேன். ஒரு காருக்காக அம்புட்டுப் பேரும் காத்துக் கெடந்தோம்.

அதவிட இன்னொன்னு பாத்தேன். ஒரு பாட்டி, ரெண்டு கையிலயும் காய்கறிப் பை. அவங்க நிறுத்தம் வந்துச்சு. ஆனா நிறுத்தம்னு அங்க ஒன்னுமில்ல, நடுரோடு. படியில ஒரு காலு, கம்பியப் புடிச்ச கை, இடது பக்கம் பைக்கு சர்ருசர்ருன்னு போகுது. கண்டக்டரு குதிச்சு எறங்கி, ரெண்டு கையையும் விரிச்சு நின்னு வண்டிய மறிச்சாரு. அப்புறந்தான் பாட்டி எறங்குச்சு. எங்க ஆத்தாவா இருந்தா நான் ஏத்திவிடவே மாட்டேன்.

இப்ப சொல்றாங்கல்ல, டிராம் மெதுவாப் போகுது, ரோட்ட அடைக்குதுன்னு. முன்ன நெறைய எடத்துல டிராமுக்குன்னு தனிப் பாதை இருந்துச்சு, நடுவுல, புல்லு மொளச்சு. பல எடத்துல அத எடுத்துட்டு சமமா கான்கிரீட் போட்டு, காரும் பஸ்ஸும் அதுமேலயே போகட்டும்னு விட்டுட்டாங்க. பாதையப் பறிச்சுக்கிட்டு ஏன் மெதுவா ஓடுறன்னு கேட்டா என்ன நியாயம்?

பாதையப் பத்தி எனக்கு ஏன் இம்புட்டு ஆத்திரம்னா, எங்க ராமேஸ்வரம் தீவுக்கே ரோடு ஒன்னுதான். போன வருஷம் அம்மாவ ராமநாதபுரத்துக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ரோட்டுப் பாலத்துல ரெண்டு பக்கமும் காரு, எல்லாரும் எறங்கிக் கடல போட்டோ எடுக்குறாங்க. முக்கா மணி நேரம் நகரல. வெயில்ல அம்மா சேலத் தலப்ப மூஞ்சில போட்டுக்கிட்டு ஆட்டோவுல சாஞ்சு கெடந்துச்சு. போய்ச் சேந்தப்ப டோக்கன் முடிஞ்சு போச்சு. அன்னைக்கு அந்தப் பாலத்த எத்தன மடங்கு அகலமாக்கியிருந்தாலும் அத்தனையும் காரால ரொம்பியிருக்கும்.

சிட்னியப் பாருங்க. 1961-ல கடைசி டிராமையும் நிறுத்திட்டாங்க, பஸ் போதும்னு. 1997-ல திரும்பக் கொஞ்சம் போட்டாங்க. 2019-ல நடு ஊரு ஜார்ஜ் ஸ்ட்ரீட்லயே மறுபடி கம்பி போட்டு ஓட விட்டாங்க. முன்னாடி பிடுங்குன அதே தெரு! கோடி கோடியாச் செலவு, வருஷக்கணக்குல தெருவத் தோண்டிப்போட்டு வச்சிருந்தாங்க. அதே நாட்டுல மெல்போர்ன் அந்தக் காலத்துல பிடுங்காமப் பல்லக் கடிச்சுக்கிட்டு வச்சிருந்துச்சு. இன்னைக்கு 250 கிலோமீட்டர், உலகத்துலயே பெரிய டிராம் வலை.

மெட்ரோ இருக்கேன்னு கேப்பீங்க. மெட்ரோ வேணும், நான் வேணாங்கல. ஆனா நம்ம சென்னை ரெண்டாங்கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு கிலோமீட்டருக்கு 500 கோடிக்கு மேல. தரையில போற டிராமுக்கு சொரங்கமும் வேணாம், தூணும் வேணாம். ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளி மார்க்கெட்டுக்குப் போற அந்தப் பாட்டி, படி எறங்கி பூமிக்கடியில போயி மெட்ரோ புடிக்கப் போறதில்ல. வீட்டு முக்குல ஏறி மார்க்கெட் வாசல்ல எறங்கணும்.

அதனால முதல்ல இருக்குற கம்பிக்குத் தனிப் பாதையத் திருப்பிக் குடுக்கணும். பாட்டி எறங்குறதுக்கு சிமெண்டுத் திண்ணை கட்டணும். அப்புறம் நியூ டவுன் மாதிரி அகலமா ரோடு போட்ட எடத்துக்கு நீட்டணும். சித்பூர் ரோடு மாதிரி ஒடுக்கமான எடத்துல மறுபடி வேணாம்னு அந்த ஊர்க்காரங்க சொன்னா அது நியாயந்தான். ஆனா மைதானத்தச் சுத்தி ஒரே ஒரு ரூட்டு, அதுவும் வேடிக்க பாக்க வர்றவங்களுக்கு மட்டும்னா, ஒத்துக்க முடியாது. டிராம்ங்குறது வேலைக்குப் போறவங்க ஏறுற வண்டி.

அப்ப இங்க, தனுஷ்கோடிக்கு? 2019-ல ராமேஸ்வரத்துல இருந்து இங்க ரயில் விட அடிக்கல் நாட்டுனாங்க. இன்னும் கம்பி வரல. எங்க ஊர்லயே நெறைய பேருக்கு அது வரணும்னு ஆச, அந்த ஆச எனக்குப் புரியுது. எங்க தாத்தா ஏறுன எடம் இது. ஆனா இங்க குனிஞ்சு பாருங்க... கேமராவ இறக்குறேன்... ரோட்டு ஓரம் தெரியுதா? காலையில கூட்டி விட்ட மணலு, மத்தியானத்துக்குள்ள ஒரு சாண் ஏறிருச்சு. ஒவ்வொரு டிராம் கம்பி தலையிலயும் பள்ளம் மாதிரி ஒரு காடி இருக்கும், சக்கரத்தோட விளிம்பு அதுல எறங்கித்தான் ஓடணும். இந்த மணலு ஒரே நாள்ல அதத் தூத்துரும். இந்தப் பக்கம் ஆண் கடல்னு நாங்க சொல்ற மன்னார் வளைகுடா, அந்தப் பக்கம் பெண் கடல்னு சொல்ற பாக் ஜலசந்தி, நடுவுல இம்புட்டுத்தான் தரை. ஆமை முட்டை போட ஏறி வர்ற கரை, பூநாரை எறங்குற தண்ணி. சாயங்காலத்துக்கு மேல இங்க ஆளே கெடயாது. நாள் முழுக்க, ஏற எறங்கக் கூட்டம் இருக்குற ஊருக்குத்தான் டிராம். இங்க எங்களுக்கு ஒழுங்கா பஸ்ஸு விட்டாப் போதும்.

பஸ்ஸு ஹாரன் அடிக்குது, கெளம்பச் சொல்றாங்க. இந்த வீடியோவ கல்கத்தாவுல இருந்து பாக்குற நம்ம ஆளுங்க யாராச்சும் இருந்தா ஒன்னு செய்ங்க. உங்க தெருவுல கம்பி இன்னும் வெளிய தெரியுதா, தார ஊத்தி மூடிட்டாங்களான்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அந்தப் பெரியவரு நம்பர் குடுத்திருக்காரு, அவருக்கும் அனுப்பி வைக்கிறேன்.