வாட்டம் பார்த்து அடிக்கும் ஆட்டம்

வணக்கம் நேயர்களே. நுவரெலியா கொல்ஃப் மைதானத்தின் அழகைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுங்கள் என்று என்னை அழைத்தார்கள். அழைப்புக்கு நன்றி. ஆனால் அந்த அழகை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. ஏப்ரல் சீசனில் ஒரு தடவையாவது மலையேறி வந்தவர்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். பழைய செங்கல் தபால் கந்தோர்ப் பக்கம் நடந்தால் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே பச்சையாக விரிந்து கிடக்குமே, அதுதான். மேலே பார்த்தால் பிதுருதலாகலை. 2,524 மீட்டர், நாட்டிலேயே உயரமான மலை.

நான் பேச விரும்புவது வாட்டத்தைப் பற்றி. முற்றத்தில் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்கிறோமே, அந்த வாட்டம். நில அளவையாளனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். சிறு வயதில் சனி, ஞாயிறுகளில் இதே மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமந்தவன். இப்போது நானே அங்கே ஆடுகிறேன். இந்த மூன்று நிலையிலும் நான் பார்த்தது ஒன்றுதான்: மலை மைதானத்தில் வாட்டம் தெரிந்தவன் ஆடுகிறான், தெரியாதவன் பந்து தேடுகிறான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறிய பந்து, எடை 46 கிராமுக்குள். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி 18 குழிகள். குறைந்த அடியில் முடிப்பவர் வெல்கிறார். அவ்வளவுதான் விதி, மற்றதெல்லாம் நிலத்தின் கையில். நுவரெலியா கழகம் 1889இல் தொடங்கியது. நீளம் 6,000 யாருக்கும், அதாவது கெஜத்துக்கும், குறைவு. இந்தக் காலக் கணக்கில் அது சின்ன மைதானம். எண்ணைப் பார்த்துவிட்டு இலேசாக நினைத்து வருகிறவர்கள் உண்டு. மரங்கள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கும், ஓடை குறுக்கே வரும், கால் வைக்கும் இடம் சமமாக இருக்காது. பலமாக அடிப்பவருக்கு இந்த மைதானம் சலுகை எதுவும் தராது.

முதலில் காற்று. நுவரெலியா டவுன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரம். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. பந்தைத் தடுக்கும் காற்று குறைவதால் பந்து கூடுதலாகப் போகும். கொழும்பில் 150 யார் போகும் அடி இங்கே 160 யார் வரை போகலாம். ஆனால் அதையே நம்பிவிடக் கூடாது. விடியற்காலைக் குளிரில் பந்து இறுகிப்போய் அவ்வளவு துள்ளாது, ஆகவே கூடக் கிடைத்த தூரத்தில் கொஞ்சம் திரும்பப் போய்விடும். இன்னொன்று, காற்று இலேசாக இருப்பதால் சுழலும் பந்து வளைவதும் குறையும். கொழும்பில் மரத்தைச் சுற்றி வளைத்து அடித்துப் பழகியவர் இங்கே அந்த மரத்திலேயே அடிப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நிற்கும் நிலை. மலைச்சரிவில் கொழுந்து எடுக்கும் நம் பெண்களைப் பாருங்கள். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, முதுகில் பாரம், ஆனாலும் உடம்பு தடுமாறாது. சரிவோடு சண்டை போடாமல் சரிவுக்கு இசைந்து நிற்கிறார்கள். கொல்ஃப் அடிக்கவும் அதுதான் வேண்டும். மேட்டை நோக்கி அடித்தால் பந்து உயர எழும்பிக் கிட்டத்தில் விழும். பள்ளத்தை நோக்கி அடித்தால் தாழப் பறந்து தூரம் ஓடும். வலக்கைக்காரருக்குப் பந்து பாதத்தைவிட மேலே இருந்தால் இடப்பக்கம் இழுக்கும், கீழே இருந்தால் வலப்பக்கம் ஒதுங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு குறியைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

சரி, இப்போது கிரீனுக்கு வருவோம். குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரையைத்தான் கிரீன் என்கிறோம். என் பேச்சின் பெரும்பகுதி இங்கேதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு பெரியவர் இருந்தார். உறவில்லை என்றாலும் நாங்கள் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். வார நாட்களில் தோட்டத்தில் கான், அதாவது மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால், வெட்டுவார். லீவு நாட்களில் கெடி வேலைக்கு, அதாவது ஆட்டக்காரரின் பையைச் சுமந்து யோசனை சொல்லும் வேலைக்கு, வருவார். எனக்குப் பை தூக்கப் பழக்கியவர் அவர்தான். ஒரு நாள் கொழும்பிலிருந்து வந்த ஒரு டொக்டருக்கு அவர் கெடி. கூட ஆடியவரின் பையை நான் சுமந்துகொண்டிருந்தேன். டொக்டர் நன்றாக ஆடக்கூடியவர். கிரீனில் பந்து குழிக்குப் பதினைந்து அடி தூரத்தில் கிடந்தது. வலப்பக்கம் மலை எழும்பி நின்றது.

மாமா சொன்னார்: "ஐயா, வலப்பக்கம் ரெண்டு சாண் தள்ளி அடிங்க. பந்து இடப்பக்கம் வரும்."

"என்ன பெரியவர், வலப்பக்கம்தானே பள்ளமாக் கிடக்கு?"

"பள்ளமாத்தான் தெரியும் ஐயா. தண்ணி அந்தப் பக்கம் ஓடாது."

டொக்டர் குனிந்து பார்த்தார், எழும்பிப் பார்த்தார், குழிக்கு அந்தப் பக்கம் போயும் பார்த்தார். என் கண்ணுக்கும் வலப்பக்கம்தான் பள்ளமாகத் தெரிந்தது. அவர் தன் கண்ணை நம்பி இடப்பக்கமாகக் குறி வைத்துத் தட்டினார். பந்து வலப்பக்கம் திரும்பவேயில்லை. இன்னும் இடப்பக்கமாகவே இறங்கி, குழியை ஒரு யார் தள்ளித் தாண்டிப் போனது. டொக்டர் கோபப்படவில்லை. நல்ல மனிதர். "எப்படிச் சொன்னீங்க?" என்றுதான் கேட்டார். மாமா கிரீனின் இடப்பக்க ஓரத்தைக் காட்டினார். முதல் நாள் இரவு மழை. சைப்ரஸ் சருகெல்லாம் அந்த ஓரத்தில் வரிசையாக ஒதுங்கிக் கிடந்தது. "தண்ணி போன வழி அதுதான் ஐயா" என்றார்.

கண் ஏன் ஏமாறுகிறது? நானு ஓயாப் பக்கம் ரயில் ஏற்றத்தில் நிற்கும்போது ஜன்னலால் பாருங்கள், நேராக நிற்கிற மரமெல்லாம் சாய்ந்ததுபோல் தெரியும். ரயில் பெட்டியின் தரையைக் கண் சமதரை என்று எடுத்துக்கொள்வதால் வருவது அது. கிரீனிலும் அப்படித்தான். சுற்றியுள்ள மலைச்சரிவு முழுவதும் இடப்பக்கம் இறங்குகிறது. அதையே கண் சமம் என்று எடுத்துக்கொள்கிறது. கிரீனும் இடப்பக்கம்தான் இறங்குகிறது, ஆனால் சுற்றுப்புறத்தைவிடக் குறைவாக. அதனால் எதிர்ப்பக்கம் சாய்ந்ததுபோல் தெரிகிறது. பிற்காலத்தில் மட்டக்கருவியோடு மலை மலையாக ஏறி இறங்கியபோது எனக்கு இது நூறு தடவை உறுதியாயிற்று. மலை நாட்டில் வெறுங்கண்ணால் மட்டம் பார்க்க முடியாது.

பிறகு மாமாவால் எப்படி முடிந்தது? தேயிலை மலையில் கான் வெட்டிய அனுபவம்தான். கானுக்கு வாட்டம் கூடினால் தண்ணீர் வேகமாகப் போய் மண்ணை அரிக்கும். குறைந்தால் தேங்கிக் கரையை உடைக்கும். 1925இல் தொடங்கி, இப்போது தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்லும் அளவு, 120 அடி நீளத்துக்கு ஓர் அடி இறக்கம். அந்த இறக்கத்தைக் கண்ணால் பிடிக்க முடியுமா? துரைமாரிடம் டிரேசர் என்ற கருவி இருந்தது, அதை வைத்துக் கோடு போட்டார்கள். ஆனால் வெட்டி முடித்த பிறகு, மழையில் நின்று தண்ணீர் ஓடும் விதத்தைப் பார்த்துத் திருத்தியவர்கள் நம் ஆட்கள். அப்படித் தண்ணீர் பார்த்துப் பழகிய கண்தான் கிரீனிலும் பந்தின் வழியைச் சொன்னது. தண்ணீர் பார்த்த கண். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் மலையகத்து மக்களின் இந்த அறிவைப் பற்றிக் கொல்ஃப் பேசுகிறவர்கள் பேசுவதேயில்லை.

ஆட்டத்தின் விதிப்புத்தகம்கூடக் கெடிக்குத் தனி இடம் தருகிறது. ஆடும்போது எப்படி அடிப்பது என்று ஆட்டக்காரர் ஆலோசனை கேட்கலாம் என்றால், தன் கெடியிடமும், ஜோடி ஆட்டத்தில் தன் ஜோடியிடமும் ஜோடியின் கெடியிடமும் மட்டும்தான் கேட்கலாம். வேறு யாரிடமாவது கேட்டால் இரண்டு அடி அபராதம். 2019இல் விதி மாறிய பிறகு, ஆட்டக்காரர் அடிக்க நிலையெடுக்கும்போது கெடி பின்னால் நின்று நேர் பார்த்துச் சொல்லவும் கூடாது. ஆனால் வாட்டத்தைப் படித்துச் சொல்லலாம். ஆகவே நுவரெலியாவுக்கு ஆட வருகிற நேயர்கள் கெடி என்ன சொல்கிறார் என்று காது கொடுங்கள். உங்கள் கண்ணுக்கு மாறாகச் சொன்னால் இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

மூடுபனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்தியானத்துக்குப் பிறகு அது இறங்கினால் பந்து விழுந்த இடம் தெரியாது. முன்பு தேடுவதற்கு ஐந்து நிமிடம் இருந்தது, 2019இலிருந்து மூன்று நிமிடம்தான். அதனால் காலையிலேயே தொடங்குவது நல்லது. பனித்துளி காயாத கிரீனில் பந்து மெதுவாக ஓடும், ஆனால் போன தடம் ஈரத்தில் அப்படியே தெரியும். முன்னால் ஆடியவரின் பந்து எப்படி வளைந்தது என்று அதைப் பார்த்தே படிக்கலாம். மழை தேங்கிய தண்ணீரில் பந்து விழுந்தால் அபராதமில்லாமல் எடுத்து வைக்கலாம், பயப்பட வேண்டாம்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். கண்டிக்குக் கிழக்கே, திகனப் பக்கம் ரஜவெல்லயில் இருக்கும் விக்டோரியா மைதானத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ஓரிரண்டு வசனம் மட்டும். டொனால்ட் ஸ்டீல் என்ற பிரித்தானியர் வடிவமைத்து 1999இல் திறந்தது. மகாவலிக்குக் குறுக்கே கட்டி 1985இல் திறந்த விக்டோரியா அணையின் நீர்த்தேக்கம் கீழே, நக்கிள்ஸ் மலைகள் எதிரே. நுவரெலியாவைவிட மிகவும் தாழ்ந்த, வெப்பமான இடம், அகலமான மைதானம். அங்கே வாட்டம் பார்ப்பது சுலபம், நீர்த்தேக்கம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கடைசியாக ஒரு கோரிக்கை. கெடி வேலை செய்து வயதான பெரியவர்கள் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள். 18 கிரீன்களிலும் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அவர்கள் சொல்வதைப் பேரப்பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், கைத்தொலைபேசியில் குரலாகவும் பதிந்து வையுங்கள். கழகங்கள் அதைக் கேட்டு வாங்கி, உரிய கூலி கொடுத்து, இளம் கெடிகளுக்குப் பாடமாக வைக்க வேண்டும். நன்றி நேயர்களே, வணக்கம்.