இரும்பைக் காட்டாத விண்மீன்

அவையோருக்கு வணக்கம்.

உலோகம் என்றதும் நமக்கு இரும்பு, செம்பு, தங்கம் நினைவுக்கு வரும். வானியலாருக்கோ ஆக்சிஜனும் கார்பனும்கூட உலோகம்தான்! ஹைட்ரஜன், ஹீலியம் போக மற்றதெல்லாம் அவர்கள் கணக்கில் உலோகம். பெருவெடிப்பில் பிறந்தவை இந்த இரண்டும் துளி லித்தியமும் மட்டுமே. மற்றவை விண்மீன்களுக்குள் வெந்து, அவை வெடித்தபோது வெளியே சிதறியவை. அந்தச் சிதறலிலிருந்து அடுத்த தலைமுறை பிறந்தது. ஆகவே, ஒரு விண்மீனில் உலோகம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு ஆதி காலத்து வாயுவிலிருந்து அது பிறந்திருக்கலாம்.

பெரிய விண்மீன்கள் சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே எரிந்து தீர்ந்துவிடும். சூரியனைவிடச் சற்றுச் சிறியவை நிதானமாக எரிபவை. 1,300 கோடி ஆண்டுகள் கடந்தும் அவை அணையவில்லை. நாம் தேடுவது அவற்றைத்தான்.

எப்படித் தேடுவது? விண்மீனின் ஒளியை நிறமாலையாக விரித்தால் நடுநடுவே கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய இடங்களில் ஒளியை விழுங்குவதால் வருபவை அவை. 393.4 நானோமீட்டர் அலைநீளத்தில், ஊதா ஓரத்தில், கால்சியத்தின் கோடு இருக்கிறது. சூரியனில் அது மை தீட்டியதுபோல் தடித்திருக்கும். ஆதி விண்மீனில் அதே கோடு மயிரிழையாகிவிடும்.

ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் உள்ள ஸ்கைமேப்பர் தொலைநோக்கியின் ஆடி வெறும் 1.35 மீட்டர். ஆனால் அதில் இந்த ஊதாப் பகுதிக்கென்றே ஒரு வடிகட்டி உண்டு. உலோகம் குறைந்த விண்மீன் அந்த வடிகட்டி வழியே கூடுதல் பிரகாசமாகத் தெரியும். அப்படிச் சிக்கிய ஒன்றைச் சிலியிலுள்ள 6.5 மீட்டர் மெகல்லன் தொலைநோக்கியில் நுணுகிப் பார்த்தார்கள். கார்பன், மெக்னீசியம், கால்சியம், லித்தியம் தெரிந்தன. இரும்பு தெரியவில்லை. சூரியனில் ஆயிரக்கணக்கில் இருக்கும் இரும்புக் கோடுகளில் ஒன்றுகூட அங்கே இல்லை.

இந்த 'இல்லை'யைச் சொல்லத்தான் எவ்வளவு உழைப்பு! மங்கலான ஒளியில் எந்தக் கோடும் தெரியாது. அதை வைத்து இரும்பு இல்லை என்றுவிட முடியுமா? பொறுமையாக ஒளியைச் சேர்த்து, இரைச்சலை, அதாவது ஒளிப்பதிவில் கலந்துவிடும் தற்செயல் ஏற்ற இறக்கங்களை அடக்கி, அதன் பிறகும் கோடு தென்படாவிட்டால்தான் 'அதிகபட்சம் இவ்வளவுதான்' என்று ஓர் உச்சவரம்பையாவது சொல்லலாம். 2014இல் வானியலாளர் ஸ்டீஃபன் கெல்லர் குழுவினர் வெளியிட்ட வரம்பு இது: சூரியனில் உள்ள இரும்பின் விகிதத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. என்னைக் கேட்டால், கண்டுபிடித்த தனிமங்களைவிட இந்த வரம்புதான் பெரிய சாதனை.

கால்சியம் இருக்க, இரும்பு எங்கே போனது? அவர்கள் கணிப்பின்படி, இதற்கு முன் அங்கே சூரியனைப்போல் சுமார் 60 மடங்கு நிறைகொண்ட ஒரு முதல் தலைமுறை விண்மீன் இருந்தது. அது வலுவின்றி வெடித்தது. மேலடுக்குகளின் கார்பன் தப்பித்தது. மையத்து இரும்போ கருந்துளைக்குள் விழுந்துவிட்டது. நினைத்துப் பாருங்கள், ஒரே ஒரு விண்மீனின் சாம்பலை இன்று நம்மால் வாசிக்க முடிகிறது!

அந்த விண்மீன் வெகு தொலைவில் இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும், டிசம்பர் இரவொன்றில் கன்னியாகுமரிக் கரையில் நின்று தெற்கே பாருங்கள். கடலுக்குச் சற்று மேலே, அந்தத் திசையில்தான் அது எரிந்துகொண்டிருக்கிறது.