தட்டைப்பயறு ஏன் வேகவில்லை?

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் தட்டைப்பயறு என்போம். சென்னைப் பக்கம் காராமணி. காரடையான் நோன்பு அடையில் போடுகிறார்களே, அதே பயறுதான். கத்திரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைப்பார்கள். இன்று நான் பேசப்போவது அதைவிட எளியது: பயறும் தாளிப்பும் மட்டும், ஒரு சட்டி நிறைய.

சில வருஷங்களுக்கு முன் வீடு மாறினோம். புது வீட்டில் போர் தண்ணீர். போனதிலிருந்து பயறு வேகவே இல்லை. ராத்திரி முழுக்க ஊறவைத்து, குக்கரில் ஆறு விசில் விட்டாலும் நடுவில் நறுக்கென்று கடிபடும். பழைய சரக்கு என்று நினைத்துக் கடையை மாற்றினேன். அங்கே வாங்கியதும் வேகவில்லை. அப்புறம் ஒருநாள் அவசரத்தில் குடிதண்ணீர் கேனைச் சாய்த்து ஊற்றினேன். அதே பயறு மூன்று விசிலில் பூவாக வெந்துவிட்டது. முதல் கடைக்காரரை வீணாகச் சந்தேகப்பட்டேனே என்று மனசு கஷ்டமாகிவிட்டது.

காரணம் இதுதான். பயறின் உள்ளே செல்களை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசை. சூட்டில் அது கரைந்தால்தான் பயறு குழையும். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை அந்தப் பசையை இறுக்கிவிடும். புளிப்பும் பசையைக் கரையவிடாது. அதனால்தான் பயறு வேகுமுன் புளியோ தக்காளியோ சேர்க்கக் கூடாது.

சமையல் உப்பு விஷயம் வேறு. முதலிலேயே உப்புப் போட்டால் பயறு வேகாது என்று அம்மா சொல்வார். நானும் பல வருஷம் அப்படியே நம்பினேன். ஆனால் ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்புப் போட்டால் தோல் சீக்கிரம் இளகுகிறது. உப்பிலுள்ள சோடியம் தோலுக்குள் போய்க் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. செய்து பாருங்கள், தோல் வெடித்துப் பிரிவதும் குறையும்.

ஆப்ப சோடா போட்டாலும் வேகும்தான். ஆனால் பி1 சத்து அழிந்துபோகும், சோப்பு வாடையும் வரும். நான் போடுவதில்லை. வெக்கையிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பழைய பயறு மட்டும் நல்ல தண்ணீரிலும் அடம்பிடிக்கும்.

சரி, சட்டிக்கு வருவோம். நாலு பேருக்கு 200 கிராம் பயறு. கல் பார்த்துக் கழுவி, உப்புத் தூவிய குடிதண்ணீரில் எட்டு மணி நேரம் ஊறட்டும். பயறு ஊறி இரண்டு மடங்காகப் பெருகும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பயறுக்கு மேல் இரண்டு விரல் நிற்கிற அளவு புதுத் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வையுங்கள். கொதித்ததும் தீயைக் குறையுங்கள். முக்கால் மணி நேரம் போல ஆகும். விரல் நடுவில் நசுக்கினால் மாவாக வேண்டும், அதுதான் பதம். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது.

இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், கிள்ளிய வரமிளகாய். கடுகு வெடித்ததும் தட்டிய பூண்டு நாலு பல், நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை. வெங்காயத்தின் ஓரம் சிவக்கும்வரை பொறுமையாக வதக்குங்கள். இங்கே அவசரப்பட்டால் தாளிப்பே சப்பென்று போய்விடும். அதைச் சட்டியில் கொட்டி, தேவையான உப்பும், கடைசியாக நெல்லிக்காய் அளவு புளியின் கரைசலும் சேருங்கள். பச்சை வாசனை போகக் கொதித்ததும் இறக்கி மூடிவையுங்கள். கால் மணி நேரத்தில் பயறு சாற்றை உறிஞ்சிக்கொள்ளும்.

சூடான சோற்றில் பிசைந்து சாப்பிடலாம், கேழ்வரகுக் களிக்கு இன்னும் பொருத்தம். இன்று ராத்திரி படுக்கப்போகுமுன் ஊறப்போட்டால், நாளை மதியத்துக்குச் சட்டி தயார்.

வணக்கம்.