டெர்மினலில் பெரிய எழுத்து: ஃபிக்லெட்டும் வம்புக்கார பேக்ஸ்லாஷும்

[திரையில்: கறுப்பு டெர்மினல். ஸ்பிரிங் பூட் நிரல் ஒன்று தொடங்குகிறது. லாக் வரிகளுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு பெயர்.]

வணக்கம். ஜாவா நிரல்கள் எழுத உதவும் ஸ்பிரிங் பூட் என்ற கட்டமைப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. நிரலை ஓடவிட்டதும், லாக் வரிகள் கொட்டத் தொடங்கும் முன்பே ஒரு பெயர்ப்பலகை வந்து நிற்கும். உற்றுப் பார்த்தால் அதில் படம் என்று எதுவுமே இல்லை. சாய்கோடு, அண்டர்ஸ்கோர், அடைப்புக்குறி, நிமிர்ந்த கோடு, அவ்வளவுதான். விசைப்பலகையில் கிடக்கும் சில்லறைக் குறிகளை அடுக்கிக் கட்டிய எழுத்து.

இதையெல்லாம் யாரோ பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டுகிறார்கள் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. இதற்கென்றே ஒரு நிரல் உண்டு, பெயர் ஃபிக்லெட். அது எழுத்துகளை எப்படி ஒட்டவைக்கிறது என்று பார்ப்போம். அப்புறம், அதை நிரலுக்குள் வைத்து நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன்.

[திரையில்: பழைய லைன் பிரின்டர். மடிப்பு மடிப்பாக விழும் தாள்.]

ஊருக்கெல்லாம் ஒரே பிரின்டர் என்றிருந்த காலத்தில், உங்கள் தாள் எங்கே முடிகிறது, அடுத்தவர் தாள் எங்கே தொடங்குகிறது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு அச்சு வேலைக்கும் முன்னால் பெரிய எழுத்தில் பெயர் போட்ட தாள் ஒன்று வரும். யூனிக்ஸில் பேனர் என்று ஒரு கட்டளையே இருந்தது. ஆனால் அதன் எழுத்து மொத்தையாக இருக்கும்.

1991 வசந்த காலத்தில் கிளென் சாப்பெல் தன் நண்பர் ஃபிராங்கின் மின்னஞ்சல் கையெழுத்தைப் பார்த்தார். குறிகளால் கட்டிய அழகான எழுத்து அது. இன்னொரு நண்பர் இயன் சாய் உசுப்பேற்ற, அதே பாணியில் எழுத்து போடும் நிரல் ஒன்றைச் சி மொழியில் 170 வரியில் எழுதிவிட்டார். முதலில் வைத்த பெயர் நியூபான், அதாவது புது பேனர். பிறகுதான் ஃபிராங்க், இயன், கிளென் மூவரின் முதலெழுத்தையும் சேர்த்து ஃபிக்லெட் ஆயிற்று.

[திரையில்: எழுத்துருக் கோப்பின் முதல் வரி பெரிதாகிறது.]

இதன் எழுத்துரு வெறும் உரைக் கோப்புதான். நோட்பேடில் திறந்து படிக்கலாம். முதல் வரியில் சில எண்கள் இருக்கும். ஸ்டாண்டர்டு என்ற எழுத்துருவில் 6, 5, 16, 15 என்று வரும். 6 என்பது எழுத்தின் உயரம். ஒவ்வோர் எழுத்தும் ஆறு வரி. 5 என்பது எழுத்துகள் உட்காரும் வரி, மேலிருந்து ஐந்தாவது. ஆறாவது வரி எதற்கு? கீழே வால் தொங்கும் சிறிய எழுத்துகளுக்கு. இந்த ஆறாவது வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது. அதன் கீழே ஆஸ்கியில், அதாவது ஆங்கில எழுத்து, எண், குறிகளுக்கான பழைய பட்டியலில், அச்சாகும் 95 குறிகள் வரிசையாக வரைந்திருக்கும். கூடவே ஏழு ஜெர்மன் எழுத்துகள்.

சரி, எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதாதா? வைத்துப் பாருங்கள், பல் விழுந்த வாய்போல இடைவெளி விட்டு நிற்கும். ஃபிக்லெட்டின் கெட்டிக்காரத்தனமே இங்கேதான். அடுத்த எழுத்தை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே போய், முட்டும் இடத்தில் ஒரு கட்டம் உள்ளே நுழைத்துவிடும். ஆங்கிலத்தில் 'ஹாய்' என்று அடித்தால் இப்படி வருகிறது:

     _   _ _
    | | | (_)
    | |_| | |
    |  _  | |
    |_| |_|_|

[திரையில்: இரண்டு எழுத்தும் மோதும் நெடுவரிசை மஞ்சளாகிறது.]

மஞ்சளில் இருப்பது இரண்டு எழுத்துக்கும் பொதுச்சுவர். மூன்றாவது வரியிலிருந்து கீழே பாருங்கள். இடது எழுத்தின் கடைசிக் குறி நிமிர்ந்த கோடு, வலது எழுத்தின் முதல் குறியும் அதே கோடு. ஒரே குறி இரண்டு வந்தால் ஒன்று போதும். இது முதல் விதி. இரண்டாவது வரிக்கு வாருங்கள். அங்கே நிமிர்ந்த கோடும் வளைந்த அடைப்புக்குறியும் மோதுகின்றன. யார் பெரியவர்? குறிகளுக்குள் தரவரிசை வைத்திருக்கிறார்கள். நிமிர்ந்த கோடு கடைசி, அதற்கு மேல் சாய்கோடுகள், அதற்கும் மேல் சதுர அடைப்பு, நெளிந்த அடைப்பு, வளைந்த அடைப்பு, உச்சியில் கூர்முனைக் குறிகள். ஆகவே வளைந்த அடைப்பு ஜெயித்து அங்கே உட்கார்ந்துவிட்டது. அண்டர்ஸ்கோர் மட்டும் பாவம், இந்தக் குறிகளில் எது மோதினாலும் இடம்விட்டு விலகும். எதிரெதிர் அடைப்புகள் மோதினால் இரண்டும் போய் நிமிர்ந்த கோடு வரும்.

முதல் வரியில் 15 என்று ஓர் எண் பார்த்தோமே, அது இந்த விதிகளின் சுவிட்ச். 1, 2, 4, 8 என்று விதிக்கு ஓர் எண். நான்கையும் போட்டால் கூட்டுத்தொகை 15. மொத்தம் ஆறு விதிகளில் ஸ்டாண்டர்டு எழுத்துரு நான்கைப் பயன்படுத்துகிறது.

இப்படி நெருக்கிக்கொண்டே போனால் இரண்டு சொற்களும் ஒட்டிக்கொள்ளாதா? அதற்குத்தான் டாலர் குறி. கோப்பில் டாலர் என்றிருக்கும் இடம் அச்சில் வெற்றிடமாகத் தெரியும், ஆனால் நெருக்கும்போது அதைக் காலியிடம் என்று ஃபிக்லெட் எண்ணாது. கண்ணுக்குத் தெரியாத முட்டுக்கட்டை.

[திரையில்: ஒரு சி நிரல் கோப்பு. மேலே கமென்டாக ஒரு பேனர்.]

இப்போது என் கதை. பல வருடம் முன்பு, ஒரு சின்ன சி நிரலின் தலையில் அதன் பெயரைப் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இரட்டைச் சாய்கோடு வைத்துக் கமென்ட் ஆக்கினேன், அதாவது நிரலாக ஓடாத வெறும் குறிப்பு. பெயரின் கடைசி எழுத்து ஆங்கில ஏ.

    //     _
    //    / \
    //   / _ \
    //  / ___ \
    // /_/   \_\

கீழே ஒரு வெற்று வரி இருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று அழித்தேன். அதற்கடுத்து, ஒரு மாறியின் மதிப்பை மாற்றி வைக்கும் வரி. கம்பைல் ஆனது, ஓடியது, விடை மட்டும் தப்பு. அரை நாள் அந்த மாறியைத் துரத்திக்கொண்டு கோப்பு முழுக்க அலைந்தேன்.

கடைசி வரியின் கடைசிக் குறியைப் பாருங்கள்: பேக்ஸ்லாஷ். சி மொழியில் ஒரு வரி பேக்ஸ்லாஷில் முடிந்தால் அடுத்த வரியும் அதன் தொடர்ச்சி என்று பொருள், கமென்டாகவே இருந்தாலும். என் மாறி வரி கமென்டுக்குள் போய்விட்டது. நான் அழித்தது அந்த ஆறாவது வரி. அது இருந்திருந்தால் பேக்ஸ்லாஷ் அதைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்திருக்கும். ஜிசிசி என்ற சி கம்பைலரில் எல்லா எச்சரிக்கைகளையும் போட்டு ஓட்டியிருந்தால் 'பலவரிக் கமென்ட்' என்று அதுவே சொல்லியிருக்கும், நான் ஓட்டவில்லை. கடைசியில் ஒரு ஸ்பேஸ் தட்டித் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், ஜிசிசி அதையும் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொள்ளும். வரி முடிவில் ஒரு புள்ளியாவது வையுங்கள்.

பைத்தானில் இதே பேக்ஸ்லாஷ் வேறு முகம் காட்டும். மும்மேற்கோளுக்குள் பேனரை வைத்தால், வரி முடிவில் வரும் பேக்ஸ்லாஷ் அடுத்த வரியை மேலே இழுத்துவிடும், எழுத்து சரிந்துபோகும். நடுவில் வருவதற்கு 3.12 பதிப்பிலிருந்து வெளிப்படையாகவே எச்சரிக்கை வருகிறது. மேற்கோளுக்கு முன்னால் 'ஆர்' என்ற எழுத்தைப் போட்டால் தீர்ந்தது. டெர்மினல் கட்டளைகளுக்கான பாஷில் பல வரி உரையாக வைத்தால் டாலரும் பேக்டிக்கும் (`) வேலையைக் காட்டும். அந்த உரை எங்கே முடிகிறது என்று காட்டும் முடிவுச்சொல்லை மேற்கோளுக்குள் வையுங்கள்.

என்னைக் கேட்டால், பேனரை நிரலுக்குள் வைக்கவே வேண்டாம். தனி உரைக் கோப்பில் போட்டு, ஓடும்போது படித்து அச்சிடுங்கள். ஸ்பிரிங் பூட்டும் பேனர் என்ற பெயரில் ஓர் உரைக் கோப்பைத்தான் தேடுகிறது.

[திரையில்: ஒரு ரீட்மீ. பேனர் சிதறிக் கிடக்கிறது. மூன்று பேக்டிக் சேர்ந்ததும் நிமிர்கிறது.]

நிரலோடு வரும் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் போடுவதானால் மேலும் கீழும் மூன்று பேக்டிக் கட்டாயம். இல்லாவிட்டால் அந்தக் கோப்பை வடிவமைக்கும் மார்க்டவுன் அண்டர்ஸ்கோரைச் சாய்வெழுத்துக்கான குறி என்று நினைத்து விழுங்கிவிடும். அகலத்தையும் பாருங்கள். ஃபிக்லெட் வழக்கமாக 80 நெடுவரிசைக்குள் வரியை உடைத்துக் கீழே இறக்கும். கைப்பேசித் திரையில் அதுவே அதிகம்.

இன்னொன்று. திரைவாசிப்பான் வைத்துக் கேட்பவருக்கு இந்த அழகு ஒன்றும் போய்ச் சேராது. "அண்டர்ஸ்கோர், அண்டர்ஸ்கோர், நிமிர்ந்த கோடு" என்று குறி குறியாகக் காதில் விழக்கூடும். கோப்புகளில் பெயரைத் தேடினாலும் பேனர் அகப்படாது. அதனால் பேனருக்குக் கீழே அதே பெயரைச் சாதாரண எழுத்தில் ஒருமுறை எழுதிவிடுவது என் வழக்கம்.

[திரையில்: 'கொ' என்ற எழுத்து. அதன் துண்டுகள் பிரிந்து இடம் மாறுகின்றன.]

தமிழில் போட முடியுமா என்று கட்டாயம் கேட்பீர்கள். ஃபிக்லெட் எழுத்துருவில் எந்த யூனிகோடு எண்ணுக்கும் ஒரு வடிவம் வரைந்து சேர்க்கலாம். 'அம்மா'வைக்கூட எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். 'கொ' வரும்போதுதான் சிக்கல். கோப்பில் முதலில் க, பின்னால் ஒகரக் குறி. காட்டும்போது கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால், நடுவில் க. ஃபிக்லெட்டுக்கு வந்த வரிசையில் வைக்கத்தான் தெரியும். குறியைத் தூக்கி முன்னால் வைக்கத் தெரியாது. 'கை'யும் 'தே'யும் அதே கதைதான்.

வேறு வழி இருக்கிறது, ஆஸ்கி என்று சொல்ல முடியாத வழி. தமிழ்ச் சொல்லை முதலில் படமாக்கிவிட்டு, அந்தப் படத்தை பிரெயில் புள்ளிகளாக மாற்றுவது. யூனிகோடில் 256 பிரெயில் வடிவங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் அகலத்தில் இரண்டு, உயரத்தில் நான்கு புள்ளிகள். 80 நெடுவரிசைத் திரையில் 160 புள்ளி அகலம் கிடைக்கும், ஆறு வரியில் 24 புள்ளி உயரம். சாஃபா என்ற கருவி இந்த வேலையைச் செய்கிறது. 'ழி'யின் சுழியும் விசிறியும் அந்த 24 புள்ளிக்குள் எப்படி வருகின்றன என்று நீங்களே பாருங்கள்.

[திரையில்: டெர்மினலில் புள்ளி புள்ளியாக 'தமிழில்' என்ற சொல் உருவாகிறது. பின்னணி ஒலி இல்லை.]