லோயர் ஆர்மில் துரு ஓட்டை: வெல்டிங் அடித்து ஓட்டலாமா?

அடுத்த கேள்வி நாகப்பட்டினத்திலிருந்து வந்திருக்கிறது. அப்படியே படித்துவிடுகிறேன். "அண்ணா, என் கார் வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வீடு கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர். வேகத்தடையில் இறங்கும்போது முன்னால் இடது பக்கம் 'டொக்' என்று சத்தம். மெக்கானிக் தூக்கிப் பார்த்துவிட்டு, லோயர் ஆர்மில் துரு ஏறி விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது என்றார். தகடு வைத்து வெல்டிங் அடித்தால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும் என்கிறார். அடுத்த வாரம் குடும்பத்தோடு மதுரை போக வேண்டும். வெல்டிங் அடித்துவிட்டுப் போகலாமா?"

தம்பி, அந்தக் காரில் போகாதீர்கள். மதுரைக்கு மட்டும் இல்லை, கடைத்தெரு வரைக்கும்கூட வேண்டாம். பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள்.

"இத்தனை நாள் ஓடியதே" என்று உங்களுக்குத் தோன்றும். அது ஓடியதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மாதிரிச் சின்னக் கார்களில் முன்பக்க எடையை ஸ்பிரிங்கும், ஷாக் அப்சார்பர் அடங்கிய தூணான ஸ்ட்ரட்டும்தான் தாங்குகின்றன. லோயர் ஆர்ம் எடையைத் தாங்குவதில்லை. சக்கரத்தின் அடிப்பக்கம் முன்னே பின்னே போகாமல், வெளியே விரியாமல் இழுத்துப் பிடித்திருப்பதுதான் அதன் வேலை. அதனால் ஊருக்குள் மெதுவாகப் போகும்போது பாதி அரித்துப்போன ஆர்ம்கூடச் சமாளித்துவிடும். அதன் மேல் பெரிய இழுப்பு விழுவது நீங்கள் பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது, வளைவில் வேகமாகத் திரும்பும்போது, பள்ளத்தில் இறங்கும்போது. நாலுவழிச் சாலையில் எண்பதில் போகிறீர்கள், குறுக்கே ஒரு மாடு வருகிறது, பிரேக் அடிக்கிறீர்கள். ஆர்ம் முறிவது அந்த நேரத்தில்தான். சக்கரம் மடங்கிக்கொண்டால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் பயன் இல்லை.

துருவினால் நிஜமாகவே முறியுமா என்று சந்தேகம் வேண்டாம். குளிர்காலத்தில் பனி உருகுவதற்காக ரோட்டில் உப்புக் கொட்டும் அமெரிக்க மாநிலங்களில், 1998 முதல் 2003 வரை வந்த ஃபோர்டு விண்ட்ஸ்டார் வண்டிகளின் பின் ஆக்சில், அதாவது பின் சக்கரங்கள் இரண்டையும் சேர்க்கும் தண்டு, துருப்பிடித்து முறியும் ஆபத்து இருந்தது. 2010இல் அந்தக் கம்பெனியே லட்சக்கணக்கான வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. அங்கே ரோட்டிலிருந்து வரும் உப்பு, உங்களுக்குக் காற்றிலேயே வருகிறது.

உப்புக் காற்று செய்கிற வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சி நீராகிவிடும். கடலோரத்தில் பல இரவுகள் அப்படித்தான். மழையே பெய்யாவிட்டாலும் அடித்தகடு இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் நனைந்து கிடக்கிறது. உங்கள் ஆர்ம் அநேகமாக இரண்டு தகடுகளை அச்சடித்து ஓரத்தில் ஒட்டிச் செய்ததாக இருக்கும். உள்ளே கூடு. தண்ணீர் வடிய விட்ட ஓட்டையில் சேறு அடைத்தால் துரு உள்ளேயிருந்துதான் தின்ன ஆரம்பிக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் ஒட்டிய தகடுகளையே நெம்பிப் பிரித்துவிடும். ஆகவே வெளியே ஒரு ஓட்டை தெரிகிறது என்றால், சுற்றிலும் தகடு பப்படம் மாதிரி ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வெல்டிங். தகட்டை எதன் மேல் ஒட்டுவார்? அந்தப் பப்படத்தின் மேல்தான். ஒட்டிய இடம் கெட்டியாக இருக்கும், அதற்குப் பக்கத்தில் வெல்டிங் சூட்டில் பெயின்ட் எரிந்த இடம் இன்னும் வேகமாக அரிக்கும், அங்கே முறியும். ஸ்பிரிங்குக்கு வெல்டிங் அறவே கூடாது. அதன் பதமே சூட்டில் போய்விடும். உங்கள் மெக்கானிக் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், உங்கள் செலவைக் குறைக்கத்தான் நினைத்திருப்பார். ஆனால் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க முடியாது.

சரி, என்ன செய்ய வேண்டும்? வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல், முழு வண்டியையும் ஏற்றிச் செல்லும் லாரியில் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு பக்கமும் புது ஆர்ம் போடச் சொல்லுங்கள். வலது பக்கமும் அதே பன்னிரண்டு வருஷம் அதே காற்றில்தான் இருந்திருக்கிறது. பழைய சாமான் கடையில் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக ஒரு ஆர்ம் கிடைக்கும், அதை வாங்காதீர்கள். பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

போல்ட்டுகள் புஷ்ஷுக்குள், அதாவது ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உறைக்குள், இறுகிப் போயிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊற விடட்டும். வராவிட்டால் அறுத்து எடுத்துவிட்டுப் புது போல்ட் போடட்டும், பழையதையே திரும்பப் போட வேண்டாம். இன்னொன்று, இதைப் பல பட்டறைகளில் கவனிப்பதில்லை: சக்கரம் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். அப்புறம் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது.

வண்டி மேலே இருக்கும்போதே மற்ற இடங்களையும் நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, அது உட்காரும் தட்டு, பின் ஆக்சில் பாடியோடு சேரும் இடம், பிரேக் பைப். சேறு தங்கும் இடங்கள் இவைதான். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு 'டங்' என்று பேசும். அரித்தது 'டொப்' என்று மந்தமாகச் சொல்லும், செதில் செதிலாக உதிரும். மேலாகச் செம்மண் நிறத்தில் படிந்திருக்கும் துருவுக்குப் பயப்பட வேண்டாம், தேய்த்துப் பெயின்ட் அடித்தால் போதும். ஸ்பிரிங் தட்டு உதிர்ந்தால் ஸ்பிரிங் நழுவி டயரைக் கிழிக்கும், அதை விடாதீர்கள். இதையெல்லாம் பார்க்க வீட்டில் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், தம்பி. ஜாக்கி வைக்கும் இடமே துருவில் உள்வாங்கிவிடும்.

ஆர்மைப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரும் பாடியும் கெட்டியாக இருந்தால் இந்தச் செலவு செய்யலாம். பாடியில் போல்ட் பிடிக்கும் இடமே அரித்திருந்தால் புது ஆர்ம் போட்டும் பலன் இல்லை. அப்போது நான் வண்டியை விட்டுவிடச் சொல்வேன். யாருக்கும் ஓட்டுவதற்கு விற்காமல், உடைப்பதற்குக் கொடுங்கள். வாங்குகிறவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வேலை முடிந்தபின் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம். கழிவு ஆயில் பூசுகிறார்கள் சிலர், அது புஷ் ரப்பரை ஊத வைத்துக் கெடுக்கும். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அண்டர்கோட்டிங் என்ற அடிப்பூச்சை அடித்தால், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது மாதிரி.

வண்டியைத் தூக்கியதும், இரண்டு ஆர்மும் கிராஸ் மெம்பரில் சேரும் இடத்தையும், பின் ஸ்பிரிங் தட்டுகளையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு, செலவு செய்யலாமா வேண்டாமா என்று சொல்கிறேன்.