கறக்கிற கை

நேயர்களுக்கு வணக்கம். நான் கால்நடை மருத்துவராக வேலை பார்த்த காலத்தில், விடிவதற்கு முன்னால் யாராவது வந்து கதவைத் தட்டினால் பெரும்பாலும் இரண்டே காரணம்தான். ஒன்று, கன்று போட முடியாமல் மாடு தவிக்கும். இன்னொன்று மடிநோய். "நேத்து சாயந்திரம் நல்லாத்தான் கறந்துச்சு டாக்டர், காலையில பாத்தா மடி கல்லு மாதிரி இருக்குது, கை வெச்சா உதைக்குது" என்பார்கள். பக்கத்து வீட்டில் யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள் என்ற பேச்சும் கூடவே வரும்.

நான் கண்ணை விட்டுவிட்டுக் கையை விசாரிப்பேன். யார் கறக்கிறார்கள்?

பல ஊர்களில் கறவைக்காரர் மொபெட்டில் வருகிறார். இந்த வீட்டில் இரண்டு மாடு, அடுத்த வீட்டில் மூன்று. விரல் வழுக்குவதற்குப் பாலையே தொட்டுக்கொள்கிறார். பால் சொசைட்டி வண்டி வருவதற்குள் எல்லாம் முடிய வேண்டும், பாவம், அவர் எப்போது கை கழுவுவார்? ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி முதல் வீட்டில் ஏறிக் கடைசி வீடு வரைக்கும் அவர் கையிலேயே பயணம் போகும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்று இன்னொன்று. அதற்குக் குடியிருப்பே மாட்டின் மடிதான். ஒரு மடியிலிருந்து அடுத்ததற்குப் போக நம் கையும் துடைக்கிற துணியும் கறவை இயந்திரமும்தான் வழி. அதனால் முதல் கன்று போட்டுக் கறக்கிற மாட்டையும் ஆரோக்கியமான மாட்டையும் முதலில் கறந்துவிட்டு, நோய் கண்டதைக் கடைசியில் கறக்க வேண்டும். கட்டைவிரலை மடக்கி வைத்துக் காம்பை நசுக்கிக் கறக்கிற பழக்கமும் வேண்டாம். காம்புக்குள் காயம்பட்டால் கிருமிக்கு அதுவே வாசல். காம்பை முழுக்கையாலும் பிடித்துக் கறப்பதுதான் முறை.

ஈ.கோலை என்ற கிருமியின் கதை வேறு. அது சாணியிலிருந்து வருகிறது. கன்று போட்ட சில நாளிலேயே பிடித்துக்கொண்டால் பால் தண்ணீராகிவிடும், காய்ச்சல் ஏறும், மாடு எழுந்திருக்காது. ஒரே நாளில் மாடு செத்துப்போனதையும் பார்த்திருக்கிறேன்.

இப்படி வீங்கிச் சிவந்து வருவதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். வெளியே தெரியாத மடிநோய்தான் எண்ணிக்கையில் அதிகம். மடி பார்க்க நன்றாக இருக்கும், பாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று குறைந்துகொண்டே போகும். பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைந்து உப்பு கூடும்; எஸ்.என்.எஃப்., அதாவது கொழுப்பு நீங்கலாகப் பாலில் இருக்கிற திடப்பொருள், இறங்கும். சொசைட்டியில் "தண்ணி கலக்கிறியாம்மா?" என்று கேட்டதற்காக ஓர் அம்மா என்னிடம் வந்து அழுதார். அவர் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்கவில்லை. மாட்டுக்குத்தான் நோய்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். அரை லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி துணி துவைக்கிற சோப்புத்தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். நாலு காம்புப் பாலையும் நாலு கிண்ணத்தில் தனித்தனியாகப் பிடித்து, அதே அளவு சோப்புக் கரைசல் விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். நல்ல பால் அப்படியே தண்ணியாக ஓடும். நோயுள்ள காம்பின் பால் கஞ்சி மாதிரி கொழகொழவென்று திரளும். கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளணுக்களைச் சோப்பு உடைக்கிறது. உள்ளே இருக்கிற மரபணுப் பொருள்தான் அப்படித் திரள்கிறது. ஆரோக்கியமான மடியில் ஒரு மில்லி பாலில் இந்த அணுக்கள் பொதுவாக 2 லட்சத்துக்குள்தான் இருக்கும். சீம்பாலில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். அது இயல்பாகவே திரளும்.

சரி, கறந்து முடித்த பிறகு? காம்பின் துவாரம் உடனே மூடிக்கொள்ளாது. அரைமணி, ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்த நேரத்தில் மாடு சாணியில் படுத்தால் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துத் தூங்கின மாதிரிதான். கறந்ததும் தீவனம் போட்டுவிடுங்கள், நின்றுகொண்டே தின்னும். காம்பை அயோடின் கரைசலில் ஒரு தடவை முக்கி எடுப்பதும் நல்லது.

மருத்துவத்துக்கு வருவோம். மூன்றாவது நாளே பால் தெளிந்துவிட்டது என்று ஊசியையும் காம்புக்குள் ஏற்றுகிற மருந்து டியூபையும் நிறுத்திவிடுகிறார்கள். ஆரியஸ் கிருமி மடித் தசைக்குள்ளே தழும்புகளில் பதுங்கிக்கொள்ளும். பத்து நாள் கழித்து அதே காம்பில் திரும்ப வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே "தெளிஞ்சிடுச்சுல்ல, போதும்" என்று சொல்லி ஒரு நல்ல கறவை மாட்டின் காம்பு அடைத்துப்போகக் காரணமாக இருந்திருக்கிறேன்.

மருந்து போடுகிற நாட்களிலும், முடிந்தபின் டாக்டர் சொல்கிற நாள் வரையும் அந்தப் பாலை விற்காதீர்கள். நாலு காம்புப் பாலையும்தான். சந்தேகமிருந்தால் உறை ஊற்றிப் பாருங்கள், மருந்து கலந்த பால் ஒழுங்காகத் தயிராகாது.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துப் பூசுகிற மருந்தைப் பலரும் கேட்கிறார்கள். தேசிய பால்வள வாரியமே பரிந்துரைக்கிற முறைதான் அது. அரைத்தால் செக்கச்செவேல் என்று வரும். நாளைக்கு எட்டு, பத்துத் தடவை, ஐந்து நாள் விடாமல் பூச வேண்டும். மடியில் இருக்கிற பாலை முழுதாகக் கறந்துவிட்டுப் பூச வேண்டும். ஒரு நாள் தடவிவிட்டுக் கேட்கவில்லை என்பவர்களுக்கு நான் என்ன சொல்ல? ஆனால் காய்ச்சலோடு மாடு படுத்துவிட்டால் அரைத்துக்கொண்டிருக்காமல் 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

எருமைக்குக் காம்புத் துவாரம் இறுக்கமானது, இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. வெள்ளாட்டுக்குத்தான் நாம் அநியாயம் செய்கிறோம். கறப்பதில்லை என்பதால் அதன் மடியை யாரும் தொடுவதே இல்லை. குட்டி பசியில் ஓயாமல் கத்தினாலோ, தாய் குட்டியை உதைத்துத் தள்ளினாலோ, பின்னங்காலை அகட்டி நடந்தாலோ உடனே மடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. நீலம் பாரித்துச் சில்லென்று இருந்தால் அந்தப் பக்க மடி போய்விட்டது. இனி ஆட்டைத்தான் காப்பாற்ற வேண்டும், அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். குட்டிக்கு வேறு ஆட்டுப் பால் கொடுங்கள்.

வணக்கம்.