காயத்தோடு டிரையத்லானில் இறங்கலாம்: எங்கள் அணியின் வாதம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கெண்டைக்காலில் டேப் ஒட்டிக்கொண்டு வந்து அமர்ந்து இன்றைய தீர்ப்பைப் பார்த்துத்தான் போட்டிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் காத்திருக்கும் வீரர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் போட்டி டிரையத்லான். "காயம் இருக்கையில் டிரையத்லானில் இறங்கலாமா, விலகுவதே விவேகமா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் எழுந்தார். தொடை எலும்பில் விரிசல் என்றார், பாதத்தில் விரிசல் என்றார், அதோடு ஓடினால் அறுவை சிகிச்சை மேசைதான் என்றார். அத்தனையும் உண்மை. ஒரு வரியைக்கூட நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் நடுவர் அவர்களே, தலைப்பில் இருப்பது காயம். அவர் பேசியது எலும்பு. எலும்பைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு, தசையை எலும்போடு கட்டும் தசைநாணில் வலி உள்ளவரையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். அங்கேதான் வழக்கு இடிக்கிறது.

எலும்புக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். தொடை எலும்பின் கழுத்து, பாதத்தின் நடுவில் இருக்கும் நேவிகுலர் எலும்பு, கணைக்கால் எலும்பின் முன்பக்கம். இந்த மூன்று இடங்களில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் விரிசல், என்ற சந்தேகம் எழுந்தாலே போதும், தொடக்கக் கோட்டின் பக்கமே போகக் கூடாது. பாதத்திலும் கணைக்காலிலும் ஒரே விரலால் தொட்டுக் காட்டும்படி வலிக்கும். தொடைக் கழுத்தென்றால் விரலுக்கு எட்டாது, தொடை இடுக்கில் ஆழமாக வலிக்கும். ஓட ஓட ஏறும், முற்றினால் படுக்கையிலும் விடாது. ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம் என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம், அந்தச் சோதனையே விரிசலை முறிவாக்கிவிடும். எக்ஸ்ரே சுத்தமாக வந்தது என்றும் மகிழ வேண்டாம். முதல் 2, 3 வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ.தான் சொல்லும். இந்தப் பகுதியில் எதிரணியும் நாங்களும் ஒரே கட்சி.

இனி வழக்குக்கு வருவோம். குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாணை எடுத்துக்கொள்ளுங்கள். கிழிந்த தசைநாணைச் சொல்லவில்லை. தேய்ந்து, தடித்து, மாதக்கணக்கில் வலிப்பதைச் சொல்கிறேன். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது இறுக்கிப் பிடிக்கும், பத்து நிமிடம் நடந்தால் தளரும். எதிரணியின் மருந்து என்ன? ஓய்வு. ஆறு வாரம் படுத்தால் வலி போகும், சரி. கூடவே தசைநாணின் தாங்கும் திறனும் போகும். ஏழாவது வாரம் ஓடப் போனால் வலி அங்கேயே காத்துக்கொண்டிருக்கும்.

இந்தக் காயத்துக்குச் சிகிச்சையே சுமைதான். 1998-இல் வெளியான, ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃபிரெட்சனின் முறையைப் பாருங்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று, வலிக்கிற காலின் குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். முழங்கால் நேராக 15 தடவை, 3 சுற்று. முழங்காலை மடக்கி 15 தடவை, 3 சுற்று. நாளுக்கு இருவேளை, 12 வாரம். ஒரு நாளைக்கு 180 இறக்கம்! அதிலும் ஓரளவு வலியோடு செய்யச் சொன்னார்கள். வலி தசைநாணின் நடுப்பகுதியில் இல்லாமல், அது குதிகால் எலும்பில் சேரும் இடத்தில் இருந்தால் மட்டும் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் நசுங்கி வலி கூடும்.

"அப்படியானால் எவ்வளவு வலி பொறுக்கலாம்?" என்று எதிரணி நண்பர் ஏளனமாகக் கேட்டார். பதில் இருக்கிறது. பத்துக்கு ஐந்து வரை பயிற்சியின்போது வரலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் காலை இறுக்கம் ஏறக் கூடாது. நடுவர் அவர்கள் கோபிக்கக் கூடாது, இந்தக் காயத்துக்கு நடுவர் மறுநாள் காலைதான். ஒரு கூடுதல் விதி: நடை நொண்டினால் எண் என்னவாக இருந்தாலும் நிறுத்த வேண்டும். நொண்டி ஓடுகிறவர் ஒரு காயத்தோடு போய் இரண்டோடு வருவார்.

ஜெர்மன் டிரையத்லான் வீரர் யான் ஃப்ரோடெனோவின் பெயரை எதிரணி சொன்னது. 2018-இல் எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று தெரிந்ததும் நெடுந்தூர டிரையத்லானின் உலகப் போட்டியான ஹவாய் அயர்ன்மேனிலிருந்து விலகினார், 2019-இல் அதே போட்டியில் 7 மணி 51 நிமிடம் 13 விநாடியில் வென்றார் என்று கைதட்டல் வாங்கினார்கள். நல்லது. 2017-ஐ ஏன் விட்டுவிட்டார்கள்? அந்த ஆண்டு அதே போட்டியில், ஓட்டத்தின்போது அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நடந்தார், நின்றார், மறுபடி நடந்தார், 9 மணி நேரத்துக்கு மேலானாலும் முடித்தார். முதுகுப் பிடிப்புக்கு ஒரு முடிவு, எலும்புக்கு வேறு முடிவு. மனிதர் ஒருவர்தான், காயந்தான் வேறு. எதிரணி கூட்டிவந்த சாட்சி எங்கள் பக்கம் பேசுகிறார், நடுவர் அவர்களே!

என் அணித் தோழர் ஒருவர் பிரிட்டன் வீராங்கனை கிறிஸ்ஸி வெலிங்டனைச் சொன்னார். 2011-இல் ஹவாய்ப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு சைக்கிளிலிருந்து விழுந்தும் வென்றவர். அந்தச் சாட்சி எனக்கு வேண்டாம். உரசிக் கிழிந்த தோலில் தொற்று ஏறும் அபாயத்தோடு கடலில் இறங்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். உலக வெற்றியாளரின் துணிவை வைத்து, வார இறுதியில் போட்டிக்குப் போகிறவருக்குச் சட்டம் எழுத முடியாது.

சரி, ஏன் டிரையத்லான்? மாரத்தானாக இருந்தால் நானும் எதிரணியில் உட்கார்ந்திருப்பேன். ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் அக்கிலிஸ் தசைநாண் உடல் எடையைப் போல 6 முதல் 8 மடங்கு விசை தாங்குகிறது. சைக்கிள் மிதிக்கையில் அது உடல் எடையளவை ஒட்டியே நிற்கும். நீச்சலில் அதுவும் கிடையாது. 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம் என்ற ஒலிம்பிக் தூரத்தில், காயத்தைச் சீண்டுவது கடைசிப் பகுதி மட்டும்தான். ஒரு பகுதியில் சுமையைக் குறைத்து இன்னொன்றில் ஏற்றிக்கொள்ள இடம் தரும் விளையாட்டு வேறெது?

அந்த ஏற்பாட்டை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன், ஏனென்றால் இறங்கலாம் என்று சொல்லிவிட்டு வழி சொல்லாமல் போவது பொறுப்பில்லை.

பயிற்சிக் குளத்தில் தசைநாணைத் துன்புறுத்துவது நீச்சல் அல்ல, ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்துத் திரும்புவது. வலிக்கிற காலை விட்டு மற்றக் காலால் உதைக்கலாம். திறந்த நீரில் சுவரே இல்லை. வெட்சூட் என்ற ரப்பர் நீச்சல் உடைக்கு அனுமதி இருந்தால் அது கால்களை மிதக்க வைக்கும், உதைப்பே தேவைப்படாது. ஆனால் உலக டிரையத்லான் விதிப்படி, 1.5 கிலோமீட்டர் வரையிலான நீச்சலில் தண்ணீர் 22 டிகிரியைத் தாண்டினால் வயதுப் பிரிவில் போட்டியிடும் அமெச்சூர்களுக்கு வெட்சூட் கிடையாது. தொடைகளுக்கு நடுவே வைக்கும் மிதவையான புல் பாய் எந்த வெப்பத்திலும் கிடையாது. ஆகவே மெல்லிய உதைப்போடு முழுத் தூரத்தையும் நீந்திப் பழகியிருக்க வேண்டும்.

போட்டியிலேயே மோசமான நிமிடம் எது தெரியுமா? பலரும் ஓட்டம் என்பார்கள். நான் சொல்வேன், தண்ணீரிலிருந்து சைக்கிள் நிற்கும் இடம் வரையான அந்தச் சில நூறு மீட்டர். குளிர்ந்த கெண்டைக்கால், வெறும் பாதம், குதிகாலுக்குத் துளி உயரம்கூட இல்லை, இதயம் படபடக்கிறது, சுற்றிலும் எல்லோரும் ஓடுகிறார்கள். அங்கே ஓடினால் தசைநாண் இழுத்துக்கொள்ளும். நடக்க வேண்டும். வெட்சூட்டை நின்றபடி மிதித்துக் கழற்றாமல், உட்கார்ந்து உருவ வேண்டும். தாவி ஏறும் வித்தையெல்லாம் வேண்டாம், நின்று, காலைத் தூக்கிப் போட்டு ஏறினால் போதும். இதில் போவது ஒன்றிரண்டு நிமிடம்.

சைக்கிளில், ஷூவைப் பெடலில் மாட்டும் அடித்தகடான கிளீட்டை 5 முதல் 10 மில்லிமீட்டர் குதிகால் பக்கம் தள்ளி வைத்தால் கெண்டைக்காலின் வேலை குறையும். தள்ளினால் சீட்டையும் 2, 3 மில்லிமீட்டர் இறக்க வேண்டியிருக்கும். இதைப் போட்டி வாரத்தில் செய்தால் முழங்கால் கெடும், 3, 4 வாரம் முன்பே செய்துவிட வேண்டும். கனமான கியரில் எழுந்து நின்று மேடு ஏறக் கூடாது. உட்கார்ந்தபடி, நிமிடத்துக்கு 85 முதல் 95 சுற்று.

ஓட்டத்தில் முதல் கிலோமீட்டரிலிருந்தே 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. வலி வந்த பிறகு நடப்போம் என்பவருக்கு அந்த நடை உதவாது. கணக்குப் போட்டுப் பார்ப்போமா? கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் ஓடி, 10 நிமிட வேகத்தில் நடந்தால் 10 கிலோமீட்டர் 65 நிமிடத்தில் முடியும். நடக்காமல் ஓடினால் 60. விலை ஐந்து நிமிடம்! இதற்கா விலகச் சொல்கிறார்கள்? "நடப்பது போட்டியா?" என்று சிரித்தார் எதிரணி நண்பர். விதிப் புத்தகம் சிரிக்கவில்லை. ஓடலாம், நடக்கலாம், தவழத்தான் கூடாது என்கிறது.

மற்றக் காயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் சில்லைச் சுற்றி வலி என்றால் சீட் தாழ்வாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெடல் கீழே வந்து நிற்கும்போது முழங்கால் மடிப்பு 25 முதல் 35 டிகிரி இருக்க வேண்டும். ஓட்டத்தில் நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் சில்லின் மேல் விழும் சுமை குறையும். தோள் வலிக்காரருக்கு 1.5 கிலோமீட்டர் என்பது ஒவ்வொரு தோளுக்கும் ஏறக்குறைய 750 வீச்சு. கட்டைவிரல் முதலில் நீரில் நுழையும் பழக்கத்தை விட்டு, உள்ளங்கை கீழ்நோக்க, தோள் அகலத்தில் கையை இறக்க வேண்டும். தொடையின் வெளிப்பக்கமாக இறங்கும் ஐ.டி. பேண்ட் என்ற பட்டையால் முழங்காலின் வெளிப்பக்கம் வரும் வலி மட்டும் விதிவிலக்கு. குறிப்பிட்ட தூரத்தில் வந்து பிடித்துக்கொண்டால் அன்று விடாது. அந்தத் தூரம் போட்டித் தூரத்துக்குள் வருமென்றால் நீச்சலும் சைக்கிளும் மட்டும் உள்ள அக்வாபைக் பிரிவுக்கு மாறலாம். அதுவும் முறையான போட்டிதான்.

மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறார்களே என்று எதிரணி குற்றம்சாட்டியது. அந்தக் குற்றச்சாட்டை முழு மனதோடு ஏற்கிறேன். வியர்த்து வற்றிய உடலில் ஐபுப்ரோஃபென் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். வயிற்றைப் புண்ணாக்கும். நிறையத் தண்ணீர் குடிப்பவருக்கு இரத்தத்தில் சோடியம் இறங்கும் ஆபத்தையும் கூட்டும். அதைவிட மோசம், நிறுத்தச் சொல்லும் வலியின் வாயை அடைப்பது. அக்கிலிஸில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு இறங்குவது தசைநாணை அறுக்கும் வழி. 2022 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் அந்த ஊசி ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. மாத்திரை இல்லாமல் இறங்க முடியாதவர் இறங்க வேண்டாம். அவருக்காக நான் வாதாடவில்லை.

இறங்கியவர் நடுவில் நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரில் மல்லாந்து கையை உயர்த்தினால் மீட்புப் படகு வரும். படகைப் பிடித்து இளைப்பாறலாம், அது முன்னே இழுத்துப் போகாத வரை தகுதி போகாது. தரையில் விலகினால் அதிகாரியிடம் சொல்லி நேரம் பதிய உடலில் கட்டியிருக்கும் டைமிங் சிப்பைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆளைக் காணோம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வி. ஒருவருக்கு அக்கிலிஸ் வலி. எலும்பு சுத்தம். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு 20 கிலோமீட்டர் சைக்கிள் விட்டு, இறங்கியதும் 3 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தார். மறுநாள் காலை இறுக்கம் வழக்கத்தைவிடக் கூடவில்லை. நொண்டல் இல்லை, மாத்திரை இல்லை, முதல் கிலோமீட்டரிலிருந்து நடக்கவும் சம்மதம். எந்தத் திசுவின் பெயரைச் சொல்லி இவரைத் திருப்பி அனுப்புவீர்கள்? எலும்பு என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை நான் முன்பே ஒப்புக்கொண்டாயிற்று.